பேரிஜம் என்று பணம் வாங்கி நகர ஏரியைச் சுற்ற வைத்தது: ரூ.9,600 திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: நான்கு பேருக்கு முன்பதிவு செய்த வாடிக்கையாளர், பெரியகுளம்.
பெறுநர்: மேலாளர், ஒருநாள் சுற்றுலாப் பிரிவு.

ஐயா,

கடந்த சனிக்கிழமை உங்களுடைய 'பேரிஜம் ஏரிக்கரை நடைப்பயணம்' என்ற ஒருநாள் சுற்றுலாவுக்கு ஆளுக்கு ரூ.2,400 கட்டி நானும் மனைவியும் மகளும் அப்பாவும் வந்தோம். அப்பாவுக்கு வயது 68. பேரிஜத்தைத் தேர்ந்தெடுத்ததே அவருக்காகத்தான். கொடைக்கானல் காட்டுக்குள் இருக்கும், எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி அது. "இத்தனை வருசமா அந்தத் தண்ணியக் குடிக்கிறேன், ஒருதடவைகூடக் கண்ணால பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உங்கள் விளம்பரத்தில் "ஏரியைச் சுற்றி 10 கி.மீ. கரையோர நடை" என்று பார்த்ததும் அவருக்குப் புதிதாக ஒரு கான்வாஸ் ஷூ வாங்கினேன்.

கொடைக்கானலுக்கான இ-பாஸை நாங்களே எடுத்துவிட்டோம். ஆறரைக்கு வரவேண்டிய வேன் எட்டேகாலுக்கு வந்தது. சரி, அதை விடுங்கள். மோயர் பாயின்ட் பக்கத்தில் வனத்துறை சோதனைச்சாவடியில் இறங்கிப்போன வழிகாட்டி திரும்பி வரவே இல்லை. நானும் போய்ப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, நீங்கள் பெர்மிட்டே எடுக்கவில்லை.

அங்கிருந்த வனத்துறை ஊழியர் பொறுமையாகத்தான் சொன்னார்: "ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு கணக்கு சார், இன்னைக்கு முடிஞ்சிருச்சு. பெர்மிட் இருந்தாலும் வண்டியில போய்ப் பாத்துட்டு வரலாம், அவ்வளவுதான். ஏரியச் சுத்தி நடக்கல்லாம் விடமாட்டோம். யானையும் காட்டுமாடும் தண்ணி குடிக்க வர்ற இடம்." அப்படியென்றால் நீங்கள் விற்றது கிடைக்கவே கிடைக்காத ஒரு நடை. பெர்மிட் எடுக்க மறந்தது ஒரு தவறு. இது வேறு.

அப்புறம் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வேன் நேராகக் கொடைக்கானல் ஊருக்குள் வந்து நகர ஏரி ஓரமாக நின்றது. "ஏரிக்கரைதானே சார், ஒரு சுத்து 5 கிலோமீட்டர், ரெண்டு சுத்து போனா 10 ஆயிரும்" என்றார் வழிகாட்டி. தார் ரோடு. பின்னால் வாடகை சைக்கிள் மணி, முன்னால் குதிரைச் சாணி. 1863-இல் லெவிஞ்ச் துரை இந்த ஏரியை உண்டாக்கினார் என்று செல்போனைப் பார்த்து வாசித்துக் காட்டினார். அந்தப் பையனைக் குறை சொல்லமாட்டேன். சொல்லி அனுப்பியதைத்தான் அவர் செய்தார்.

இரண்டாவது சுற்றில் படகுத்துறை வந்ததும் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலில் நாலணா அகலத்துக்குக் கொப்புளம். "இந்தத் தண்ணியா நம்ம ஊருக்கு வருது?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதியச் சாப்பாடு என்று நீங்கள் கொடுத்த எலுமிச்சை சாதத்தைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "வானிலை, அரசு அனுமதி காரணமாகப் பாதை மாறலாம்" என்ற நிபந்தனையைப் படித்துக் காட்டினார்கள். அன்று நல்ல வெயில். அனுமதி மறுக்கப்படவும் இல்லை. நீங்கள் கேட்டால்தானே மறுப்பார்கள்?

ரூ.9,600 முழுவதையும் பணம் கட்டிய அதே கணக்குக்கு 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். அடுத்த பயணத்தில் தள்ளுபடி கூப்பன் எல்லாம் வேண்டாம். பேரிஜம் கரையில் ஆட்கள் வரிசையாக நடந்துபோவது போன்ற அந்தப் படத்தையும் "10 கி.மீ." என்ற வரியையும் விளம்பரத்திலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தேனி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, சோதனைச்சாவடி முன் நின்ற வேனின் படம் மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஷூ பில்லை வைக்கவில்லை. அப்பா அதைப் போட்டுக்கொண்டு பேரிஜம் போகத்தான் போகிறார், முறைப்படி பெர்மிட் எடுத்து, என்னோடு.

இப்படிக்கு,
பெரியகுளம் வாடிக்கையாளர்