வேகப் பட்டை பழுதில்லை: 32,000 அடியில் கேட்கும் ‘கடகட’ சத்தம் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் விமான சிமுலேட்டரில் போயிங் 737-800 ஓட்டிவிட்டு இறங்குகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “மேலே போகப் போக ஸ்பீடு தப்பாகக் காட்டுதே, மெஷின் ரிப்பேரா?” கூட்ட நேரத்தில் எங்கள் பையன்கள் “அது அப்படித்தான் சார்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது பதில் ஆகாது. ஆசையோடு வந்தவர்களுக்குக் காரணத்தையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பயணம். நிதானமான கை அவருக்கு. திரையில் வேகத்தைக் காட்டும் பட்டையில் 300 நாட்ஸ் வைத்து (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) கூட்டாமல் குறைக்காமல் ஏறிக்கொண்டே போனார். 32,000 அடியை நெருங்கும்போது கடகடவென்று எச்சரிக்கை ஒலித்தது. ‘இதற்கு மேல் போகாதே’ என்று அந்தப் பட்டையின் ஓரத்தில் எல்லை காட்டும் சிவப்புப் பட்டை, கிளம்பும்போது 340-இல் இருந்தது, மெல்ல மெல்லக் கீழே இறங்கி, அவருடைய 300-ஐத் தொட்டிருந்தது. “தாத்தா ஒண்ணுமே பண்ணலையே அங்கிள், ஏன் கத்துது?” என்றான் பேரன்.

தாத்தா மேல் தப்பே இல்லை. ஆனால் விமானம் உண்மையிலேயே அதன் எல்லையைத் தொட்டுவிட்டது.

விமானத்தின் மூக்குப் பக்கம் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய்தான் இதற்கெல்லாம் மூலம். அதற்குப் பிட்டோ குழாய் என்று பெயர். 1732-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆன்ரி பிட்டோ, ஆற்று நீரின் ஓட்டத்தை அளப்பதற்காகச் செய்த கருவியின் வாரிசு அது. அதற்கு வேகம் என்றால் என்னவென்றே தெரியாது. எதிரே வரும் காற்று எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது என்று மட்டும்தான் தெரியும். ஆடிக் காற்றில் எதிர்த்திசையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தத் தள்ளல் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தரை மட்டத்துக் காற்றில் இவ்வளவு தள்ளல் இருந்தால் இவ்வளவு வேகம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வேகப் பட்டை எண்ணைக் காட்டுகிறது.

மேலே காற்று மெலிந்துபோகிறது. மெலிந்த காற்றில் அதே தள்ளலைப் பெற வேண்டுமென்றால் இன்னும் வேகமாகப் போயாக வேண்டும். பெரியவரின் பட்டை 300 என்றே காட்டிக்கொண்டிருக்க, நியம வளிமண்டலக் கணக்குப்படி (எந்த உயரத்தில் காற்று எப்படி இருக்கும் என்று பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு) அவருடைய உண்மையான வேகம் 10,000 அடியில் சுமார் 345 நாட்ஸ், 20,000 அடியில் 400, 32,000 அடியில் 480. மணிக்கு ஏறக்குறைய 890 கி.மீ.!

அப்புறம் ஒலியின் வேகம். காற்று மெலிவதால் ஒலி மெதுவாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை. அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது குளிர் மட்டும்தான். 15 டிகிரியில் 661 நாட்ஸாக இருக்கும் ஒலியின் வேகம், 36,000 அடியில் மைனஸ் 56 டிகிரிக் குளிரில் 574 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் 65,000 அடி வரை, நியமக் கணக்கில் குளிர் மாறாததால் ஒலியின் வேகமும் மாறுவதில்லை.

ஆக, விமானத்தின் உண்மை வேகம் கூடுகிறது, ஒலியின் வேகம் குறைகிறது. இரண்டும் நெருங்குகின்றன. ஒலியின் வேகத்தை 1 என்று வைத்து அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் மாக் எண், பெரியவருக்கு 10,000 அடியில் 0.54. எச்சரிக்கை ஒலித்தபோது 0.82. அதுதான் 737-800-இன் உச்ச வரம்பு. ஒலியை எட்ட இன்னும் இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இறக்கையின் முதுகில் ஓடும் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடுவதால், அது முன்னமே ஒலியைத் தாண்டி அதிர்வலையை உண்டாக்கிவிடும். விமானம் உதறத் தொடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த எண்கள் இவை: ஒலியின் வேகத்திலேயே பறந்தால் பட்டை என்ன காட்டும்? கடல் மட்டத்தில் 661. 35,000 அடியில் 350. 40,000 அடியில் வெறும் 313. கடைசி இரண்டு உயரங்களுக்கு நடுவே ஒலியின் வேகம் கிட்டத்தட்ட மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். காற்று மெலிந்ததால் பட்டையின் எண்தான் இறங்கியது.

1947 அக்டோபர் 14 அன்று, கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்கு மேலே அமெரிக்க விமானி சக் யேகர் எக்ஸ்-1 விமானத்தில் முதல்முறையாக ஒலியை முந்தினார். உயரம் 43,000 அடி, மாக் 1.06, மணிக்குச் சுமார் 1,127 கி.மீ. அதே வேகத்தைக் கடல் மட்டத்தில் எட்டியிருந்தால் ஒலியை முந்தியிருக்க முடியாது. அங்கே ஒலியே 1,225 கி.மீ. போகும்.

சரி, உண்மை வேகத்தையே காட்டிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். விமானத்தைத் தூக்கி நிறுத்துவதும் அதே காற்றின் தள்ளல்தான். எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது என்பது, எவ்வளவு உயரம் போனாலும் பட்டையில் ஏறக்குறைய அதே எண்ணில்தான் இருக்கும். அதனால் விமானிக்கு அந்த எண் உயிர் மாதிரி. கீழ் வரம்பு நகராது, மேல் வரம்பு இறங்கிக்கொண்டே வரும், நடுவில் உள்ள சந்து சுருங்கும். 70,000 அடியில் பறக்கும் யூ-2 உளவு விமானத்தில் அந்தச் சந்து சில சமயம் 10 நாட்ஸ் அளவுக்குத்தான் இருக்கும். அதை மணிக்கணக்கில் பிடித்து ஓட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அடுத்த முறை வரும்போது 280 நாட்ஸில் ஏறுங்கள். பட்டைக்குக் கீழே சின்னதாக மாக் எண் தெரியும். 32,000 அடியைத் தாண்டியதும் அது 0.78-ஐத் தொடும். அங்கிருந்து நாட்ஸை மறந்துவிட்டு 0.78-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். 35,000 அடியில் பட்டை 264 காட்டும், உண்மை வேகம் 450 இருக்கும், சிவப்புப் பட்டை 280 பக்கம் நிற்கும். எச்சரிக்கை ஒலிக்காது.

இந்தச் சந்தேகத்துக்கு எங்களிடம் பதில் கிடைக்காமல் திரும்பியவர்கள், பழைய ரசீதோடு வந்தால் 15 நிமிடம் கட்டணமில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். பயிற்றுநர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். அந்தப் பெரியவரும் பேரனும் அடுத்த ஞாயிறு காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் சிமுலேட்டர் நிலையத்தார்