நம் டார்ச்சுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணபதி பட்டறையிலிருந்து முதல் இருநூறு டார்ச்சுகளும் போன வெள்ளிக்கிழமை பெட்டி கட்டி வெளியே போய்விட்டன. இரண்டரை வருடமாக மேசையில் கிடந்த மாதிரிகளை நேற்று வரிசையாக அடுக்கினேன். மொத்தம் ஒன்பது. முதல் மாதிரியையும் ஒன்பதாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அலுமினியம் என்பது ஒன்றுதான் ஒற்றுமை. மற்றதெல்லாம் உங்களில் யாரோ ஒருவர் சொல்லி மாறியது. யார் சொல்லி எது மாறியது என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி என் மாமாவுக்கு. தடாகம் பக்கம் அவருக்குக் கொஞ்சம் வாழை, கொஞ்சம் தென்னை. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் நடுராத்திரி எழுந்து மோட்டார் போடவும் மடை திருப்பவும் வரப்பில் போவார். வலது கையில் மண்வெட்டி, இடது கையில் பேட்டரி லைட். மலையடிவாரம் என்பதால் காலடியில் பாம்புக்கும் பார்க்க வேண்டும், தோட்டத்துக்குள் யானை நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். “ஏனப்பா, நீ இன்ஜினியருக்குத்தானே படிச்ச, எனக்கு ஒரு நல்ல லைட்டு செஞ்சு குடேன்” என்று அவர் கேட்டதில்தான் இது தொடங்கியது.

அப்போது எனக்குத் தெரிந்த டாக்டிகல் டார்ச், அதாவது போலீஸ், ராணுவக்காரர்கள் அவசரத்தில் பயன்படுத்தும் வகை, என்பது கறுப்பு நிறம், பல் பல்லாக வெட்டிய முகப்பு, பெரிய லூமென் (வெளிச்ச அளவு) எண், அவ்வளவுதான். அந்த எண்ணத்தை முதலில் உடைத்தவர் ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டர் சார். என் முதல் மாதிரியில் பக்கவாட்டில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் எரியும், இரண்டு தட்டினால் முழு வெளிச்சம், மூன்றுக்கு மினுக்கல், நான்குக்குப் பூட்டு. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. சார் அதைக் கையில் வாங்கி, பட்டறை விளக்கை அணைக்கச் சொன்னார். பிறகு மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கி, மூச்சு வாங்க நின்றுகொண்டு பொத்தானைத் தேடினார். இருட்டில் விரல் சுற்றிச் சுற்றித் தேடியது. “கை நடுங்கும்போது யாரும் எண்ணிக்கிட்டு இருக்க முடியாது தம்பி. அமுக்கினா எரியணும், விட்டா அணையணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்” என்றார்.

அன்றைக்கே பின்பக்கப் பொத்தானுக்கு மாறினோம். பாதி அமுக்கினால் விரல் இருக்கும்வரை எரியும், முழுதாக அமுக்கினால் ‘டிக்’ என்று நின்று எரியும். அதிலும் இரண்டு வகை உண்டு. கடையில் கிடைக்கும் விலை குறைந்த டார்ச்சுகள் பலவற்றில் முதலில் ‘டிக்’ என்று நின்று எரிந்த பிறகுதான் பாதி அமுக்கலுக்கு வேலை. அதில் கணநேர வெளிச்சம் கிடைக்காது. சாருக்காக முதல் வகையைத் தேடிப் போட்டோம். பின்பொத்தான் எப்போது அமுக்கினாலும் முழு வெளிச்சம்தான் தரும், அதற்கு வேறு வேலையே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கவாட்டில் தனியாக ஒரு சின்னப் பொத்தான். டாக்டிகல் என்ற சொல்லுக்கு அர்த்தம் எனக்கு அந்த மாடிப்படியில்தான் புரிந்தது.

அடுத்து, சேலத்து வங்கி ஊழியர் அண்ணன். அறுபதுக்கும் மேல் டார்ச் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றின் கதையும் சொல்லுவார். என் இரண்டாவது மாதிரி 6500 கெல்வின் நீல வெள்ளை வெளிச்சத்தில் ஆயிரம் லூமென் கொடுத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணன் எதுவும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை பேருந்து ஏறி மாமா தோட்டத்துக்கு வந்தார். இருட்டியதும் காய்ந்த வாழைச் சருகுக்கு நடுவே பழைய பழுப்பு நிறக் கயிறு ஒன்றைப் போட்டார். மாமா கையில் முதலில் என் டார்ச்சைக் கொடுத்து நடக்கச் சொன்னார். மூன்றடி தூரத்துக்கு வந்த பிறகுதான் மாமா கயிற்றைக் கண்டார். கயிற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, லூமினஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்டி-20 வகையில், நீலம் குறைந்த 4000 கெல்வின் எல்இடி போட்ட தன்னுடைய டார்ச்சைக் கொடுத்தார். பத்தடியிலேயே மாமா நின்றுவிட்டார்.

காரணம் நிறம் காட்டும் திறன். சூரிய ஒளியை நூறாக வைத்து, ஒரு விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்று சொல்லும் எண் சி.ஆர்.ஐ. என்னுடையது 70, அவருடையது 95. வெளிச்சம் கூடுதலாக இருந்தும் என் டார்ச்சில் சருகும் கயிறும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. அந்த எல்இடியைப் போட்டால் லூமென் 650க்கு இறங்கிவிடும், பெட்டியில் சின்ன எண்ணைப் பார்த்து யார் வாங்குவார்கள் என்று எனக்குக் கவலை. மாமா கயிற்றைக் கையில் எடுத்து, “இது கட்டுவிரியனா இருந்திருந்தா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

தூரத்தைப் பற்றியும் சேலம் அண்ணன்தான் பாடம் எடுத்தார். லூமென் என்பது மொத்த வெளிச்சம். எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது நடுக்கற்றையின் செறிவு, அதாவது காண்டெலா. டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 என்ற தர அளவில், வெளிச்சம் 0.25 லக்ஸுக்குக் குறையும் இடம்வரை தூரம் என்று கணக்கு. காண்டெலாவின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். நம்முடையது 16,900 காண்டெலா, அதனால் 260 மீட்டர். ஆனால் 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம்தான். “அந்தத் தூரத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும், யானையா பாறையா என்று தெரியாது, அதையும் எழுதுங்கள்” என்று அண்ணன் விடாமல் சொன்னார். அட்டைப்பெட்டியில் 260க்குக் கீழேயே அந்த வரி இருக்கிறது. விற்பனைக்கு உதவாத வரி என்று சிலர் சொன்னார்கள். எனக்கு இந்தப் பெட்டியிலேயே பிடித்த வரி அதுதான்.

வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கும் இரண்டு அண்ணன்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மினுக்கல் வெளிச்சம் இல்லாத டார்ச்சை டாக்டிகல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரில் வரும் ஆளின் கண்ணைக் கூசச் செய்து நிலைகுலைய வைப்பதுதான் அதன் வேலை. இந்த அண்ணன்கள் மாதிரியைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டது, தவறுதலாக அது எரியுமா என்பதுதான். வாழைத்தோட்டத்துக்குள் ஒற்றை யானை நிற்கும்போது அதன் முகத்தில் வெளிச்சம் மினுக்கினால் எந்தப் பக்கம் போவது என்று அதற்குத் தெரியாமல் போகும், மிரண்டு எந்தப் பக்கமும் பாயும், அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கலாம் என்றார் மூத்தவர். அவர்கள் வெளிச்சத்தை யானையின் முகத்தில் அடிப்பதில்லை. பக்கத்துத் தரையில் அசையாமல் பிடித்து, போகிற வழியைத் திறந்து விட்டு, பொறுமையாக நிற்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் யானை மேல் இருந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

சாருக்கு மினுக்கல் வேண்டும், அண்ணன்களுக்குக் கூடாது. ஒரு மாதம் இதிலேயே நின்றோம். கடைசியில் வழி சொன்னவர் சார்தான். மினுக்கல் அணைக்கப்பட்ட நிலையிலேயே டார்ச் பட்டறையை விட்டுப் போகட்டும், வேண்டியவர் தானே வேலை செய்து திறந்துகொள்ளட்டும் என்றார். பின்மூடியைக் கழற்றி, பக்கப் பொத்தானைப் பிடித்தபடியே திரும்ப மாட்டினால்தான் அது திறக்கும். தற்செயலாக நடக்க வாய்ப்பே இல்லை. தனக்கு வேண்டியதை விட்டுக்கொடுத்தவருக்கு இரட்டை நன்றி.

கிராம சுகாதார செவிலியர் அக்கா சொன்ன ஒரு வார்த்தை எங்களை ஆறு மாதம் வேலை வாங்கியது. ராத்திரி அழைப்பு வந்தால் கைப்பையில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர். வேறு ஒரு டார்ச் பைக்குள் தானாக எரிந்து, உள்ளே இருந்த கறுப்புத் துணி பொசுங்கிவிட்டது என்றார். வெளிச்சம்தானே என்று நினைத்திருந்த நான் பட்டறையில் கறுப்புத் துணியை முகப்பில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். சில நொடிகளில் புகை வந்தது. பின்மூடியைக் கால் சுற்று திருகினால் மின்சுற்று துண்டிக்கும்படி அமைக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் உங்களில் குறைந்தது ஐந்து பேர். அலுமினியத்தின் மேல் ஏற்றும் அனோடைசிங் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மூடி திருகும் மரையிலும் பூச்சு இருந்தால், மூடியின் விளிம்பு குழாயின் வெறும் உலோகத்தைத் தொடும்வரை சுற்று முழுமையாகாது.

கேட்க எளிதாக இருந்தது. தடித்த அனோடைசிங் 50 மைக்ரான் என்றால் அதில் பாதி உள்ளே இறங்கும், பாதி வெளியே வளரும். மரையின் இரண்டு சரிவிலும் அது சேரும். இதைக் கணக்கில் எடுக்காமல் அனுப்பிய நாற்பது குழாய்களும் திரும்பி வந்தபோது ஒன்றில்கூட மூடி ஏறவில்லை. அத்தோடு தலைப்பகுதி ஒரு கறுப்பு, குழாய் ஒரு கறுப்பு. அந்த வாரம் நான் எல்லாவற்றையும் நிறுத்திவிட நினைத்தேன். பட்டறை முதலாளி அண்ணன்தான் நாற்பதையும் தன் மேசையில் கொட்டி, ஒவ்வொரு மரையாக அளந்து, விட வேண்டிய இடைவெளியைக் கண்டுபிடித்தார். மரையின் முனை கூராக இருந்தால் பூச்சு சீக்கிரம் தேய்ந்து பூட்டு வேலை செய்யாது என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்ததைக் காட்டினேன். மேல் தட்டையான மரைக்கு அவரே புது டூல் தீட்டினார். அந்த வேலைக்கு அவர் பணம் வாங்கவில்லை. பையைக் கிழிக்காமல் இருக்க முகப்புப் பற்களை மழுக்கச் சொன்னதும் செவிலியர் அக்காதான். மூன்று ஆழமில்லாத வளைவுகள் மட்டும் மிச்சம். குப்புற வைத்தாலும் எரிகிறதா இல்லையா என்று அதில் தெரியும்.

திருநெல்வேலிக் கல்லூரித் தம்பிக்கு. நம் டார்ச்சுக்குள் ஓடும் நிரல் ‘அண்டுரில்’ என்ற திறமூல நிரலிலிருந்து வந்தது. அதை எழுதி, ஜி.பி.எல் உரிமத்தில் உலகத்துக்கே கொடுத்தவர் டாய்கீப்பர் என்ற பெயரில் அறியப்படுகிறவர். அவருக்கும் இந்த இடத்தில் வணக்கம். அந்த உரிமத்தின்படி நாங்கள் செய்த மாற்றங்களையும் வெளியே வைத்தோம், தம்பி அதை வரிவரியாகப் படித்தான். சில டார்ச்சுகள் சூடாகும் முன்பே வெளிச்சத்தைக் குறைத்தன, சில கை சுடும்வரை குறைக்கவே இல்லை. ஏன் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. கட்டுப்பாட்டுச் சில்லுக்குள் இருக்கும் வெப்பமானி சுமார் 10 டிகிரி வரை தவறாகக் காட்டலாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும், நாங்களோ எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தோம் என்று கண்டுபிடித்தவன் அவன். ஆறு டார்ச்சுகளை விடுதி அறையில் வரிசையாக நிறுத்தி, இரவெல்லாம் குறித்து அனுப்பிய அட்டவணை என் சுவரில் ஒட்டியிருக்கிறது.

சென்னையில் செல்போன் பழுதுபார்க்கும் நண்பருக்கு இரண்டு நன்றிகள். டார்ச்சின் சார்ஜ் ஏற்றும் வாயில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டும் இல்லாததால்தான் இருபக்கமும் சி முனை கொண்ட கேபிளில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரே பார்வையில் சொன்னார். அப்புறம் பேட்டரி. 21700 அளவு (21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம்), கொள்ளளவு 5000 எம்.ஏ.எச் என்று முடிவு செய்திருந்தேன். 200 லூமெனில் ஐந்தரை மணி நேரம் எரியும். அவர்தான், சின்ன ஊர்களில் அதைவிடச் சிறிய 18650தான் கிடைக்கும், அதையும் போட வழி வேண்டும் என்றார். இப்போது பெட்டியோடு வரும் உறையைப் போட்டால் 18650ம் பொருந்தும், நீளத்தில் குறையும் 5 மில்லிமீட்டரை ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். அட்டையில் 9900 எம்.ஏ.எச் என்று அச்சடித்த 18650 எதையும் யாரும் வாங்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அந்த அளவில் அவ்வளவு கொள்ளவே கொள்ளாது. நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும், தராசில் வைத்தாலே தெரிந்துவிடும்.

மாதிரிகளைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை எழுதிய மற்ற எல்லோருக்கும், குறிப்பாக மழையில் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, பைக்கிலிருந்து கீழே போட்டுப் பார்த்தவர்களுக்கும் நன்றி.

உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டார்ச் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மாமாவுடையதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காவலர் அண்ணன்களே, உங்களுக்கு நான்கு, கூட வருகிறவர்களுக்கும் சேர்த்து. செவிலியர் அக்காவின் பெட்டியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓரிங் ரப்பர் வளையம் இரண்டு கூடுதலாக வைத்திருக்கிறேன், வருடத்துக்கு ஒரு முறை சிலிக்கோன் கிரீஸ் தடவி மாற்றிக்கொள்ளுங்கள். தம்பி, உன் வெப்பமானி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, டார்ச்சோடு அதே பெட்டியில் வருகிறது.

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து