லெந்துகாலப் புதன் மாலைகளுக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி

அன்புக்குரியவர்களே, ஆண்டவரின் நாமத்தில் வணக்கம்.

பதகளிப்பு, நெஞ்சிடி, நித்திரையின்மை என்று வருந்துவோருக்காக, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு நாட்களான லெந்துகாலத்தின் புதன் மாலைகளில் யாழ்ப்பாணத்தில் நடத்திய ஜெபக்கூடுகை நிறைவுபெற்றிருக்கிறது. பொதுவாக ஒரு நன்றி சொல்லி முடிக்க மனமில்லை. யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்தால், வேறு ஊரில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் குருவானவருக்கு. பிலிப்பியர் 4:6ஐ 'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்பதோடு நிறுத்திவிட்டால், ஏற்கெனவே கவலையில் கிடப்பவருக்கு அது இன்னொரு குற்றப்பத்திரிகை. அவர் அந்த வசனத்தின் மிச்சத்திலேதான் நேரத்தைச் செலவிட்டார்: விண்ணப்பத்தைத் தெரியப்படுத்துவது, அதுவும் ஸ்தோத்திரத்தோடு. "எல்லாம் சரிவரவேணும் ஆண்டவரே" என்ற மொட்டை ஜெபம் வேண்டாம், "வியாழக்கிழமை ரிப்போட் வருது, அதை நினைக்கப் பயமாக் கிடக்கு" என்று ஒரே வரியில் எழுதுங்கள் என்றார். கொப்பியின் இடப்பக்கம் பயம், வலப்பக்கம் அதற்கு இன்றைக்குச் செய்யக்கூடிய வேலை. செய்ய ஒன்றுமே இல்லாவிட்டால் அந்த இடத்தில், கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடச் சொல்லும் 1 பேதுரு 5:7. பத்து நிமிடத்தில் மணியடித்து நிறுத்தியவரும் அவரே. பதகளிப்புள்ளவரின் ஜெபம் நீண்டுகொண்டு போனால் அது யோசனையாக மாறிவிடும். கண் மூடியிருக்கும், வாய் ஜெபிக்கும், மனம் அதே பயத்தைத் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும். இதைப் பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல ஒரு துணிவு வேண்டும்.

உளவளத்துணையாளர் அக்காவுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். சங்கீதம் 62:5ஐ மூச்சோடு சேர்த்துப் பழக்கியவர் அவர். 'என் ஆத்துமாவே' என்று மனதுக்குள் சொல்லி மூக்கால் நான்கு எண்ணும் வரை உள்ளே. 'தேவனையே நோக்கி அமர்ந்திரு' என்று ஆறு எண்ணும் வரை வெளியே. வெளிமூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு தணியத் தொடங்கும். காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம், அதுவும் மனம் அமைதியாக இருக்கும் நேரத்திலே பழகவேண்டும். பழகாதது பதற்றத்தில் கைகொடுக்காது.

பலர் பிழைவிடுவது இங்கேதான். ஆழமாக இழுக்கவேண்டும் என்று தோளை உயர்த்திக் காற்றை விழுங்குவார்கள். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து உதடு விறைக்கும், விரல் நுனி கூசும், தலை சுற்றும். உடனே மாரடைப்பு என்று ஓடுவார்கள். எங்கள் பக்கத்திலே 'ஏதோ பிடிச்சிட்டுது' என்பவர்களும் உண்டு. தலை சுற்றினால் உள்மூச்சைக் குறைக்கவேண்டும், கூட்டக்கூடாது. வயிற்றிலே கை வைத்துப் பாருங்கள், உயரவேண்டியது அதுதான்.

அதற்காக எல்லா நெஞ்சுவலியையும் பதகளிப்பு என்று தள்ளிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு கிழமையும் நினைவூட்டிய தாதிக்கு நன்றி. நெஞ்சுவலி புதிதாக வந்தாலோ, கை, தாடை வரை பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ முதலில் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். ஜெபம் அம்புலன்சுக்குள் செய்யலாம். தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை. பதகளிப்புக்கு வழமையாகக் கொடுக்கும் குளிசைகள் வேலைசெய்ய இரண்டு முதல் ஆறு கிழமை செல்லும், தொடக்கத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் கூடும். திடீரென்று விட்டால் தலைசுற்றும், நோய்க்குறிகள் திரும்பவும் வரும். "குளிசையை விட்டிட்டன், அதுதான் என்ர விசுவாசம்" என்ற சாட்சிக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. 1848இல் மானிப்பாயில் ஆஸ்பத்திரி தொடங்கித் தமிழில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் ஒரு மிஷனரி. அவர் ஊரைச் சூழ வாழும் நாங்கள் மருந்தையும் ஜெபத்தையும் மோதவிடுவது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

சமையற்கட்டில் நின்ற அன்ரிமாருக்கு: சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்கு வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். நீங்கள் செய்ததும் அந்த ஊழியமே. பின்னேரத் தேயிலைச் சாயம் இரவு நித்திரையைக் கெடுக்கும் என்று கேட்டவுடன் மல்லித் தண்ணிக்கும் பனங்கட்டிக்கும் மாறினீர்கள், ஒரு முணுமுணுப்பும் இல்லை.

கதிரை அடுக்கிய தம்பிமார் வாசலோரக் கதிரைகளை வெறுமையாக விட்டிருந்தார்கள். மூச்சு முட்டுகிறவர் ஒருவரையும் தாண்டாமல் விறாந்தைக்குப் போக அது போதும். மைக்கின் சத்தத்தைக் குறைத்ததற்கும், பாடகர் குழு மெதுவான ஞானப்பாட்டுகளையே தெரிந்தெடுத்ததற்கும் தனி நன்றி.

"யோசியாதை" என்ற சொல்லை வீட்டில் விட்டுவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருந்த குடும்பத்தவர்களுக்கும், வட்ஸ்அப்பில் நடுச்சாமத்துத் தீர்க்கதரிசனங்களை நிறுத்திவைத்த சகோதரர்களுக்கும் நன்றி.

வசன அட்டைகள் இன்னும் மிச்சம் உண்டு, ஆலய அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். இரவில் தனித்து அல்லாடுபவர்கள் மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். சமையற்கட்டில் மூடியில்லாத எவர்சில்வர் வாளி ஒன்று நிற்கிறது. உரியவர் ஞாயிறு ஆராதனை முடிய எடுத்துச் செல்லவும்.

கூடுகை ஒழுங்கமைப்பாளர்கள்,
யாழ்ப்பாணம்