தோள் வலிக்கிறதா?

அன்புள்ள மகளுக்கு,

சித்தி அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். நீ மட்டும் இடது தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். வயலினைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. தோள் வலிக்கிறதா என்று மட்டும் எழுது. கூப்பிட்டால் எடுப்பதில்லை; வேலை இருக்கும்.

உடலை இறுக்காமல் அசையக் கற்றுத்தரும் அலெக்சாண்டர் முறை வகுப்புக்கு நான் போய்வருவதை அப்பா சொல்லியிருப்பார். முழங்கால் வலிக்காகத்தான் சேர்ந்தேன். உடற்பயிற்சி ஒன்றும் கிடையாது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார் ஆசிரியை. எழ நினைத்த மாத்திரத்திலேயே, இடுப்பு அசையும் முன்பே, என் பின்கழுத்து இறுகித் தலை பின்னுக்கு இழுபட்டது. அவர் விரல்கள் அதைக் கண்டுகொண்டன. "எழ வேண்டும் என்ற அவசரத்தைக் கொஞ்சம் விடுங்கள்" என்றார். விட்டேன். எப்படி எழுந்தேன் என்றே தெரியவில்லை. தொடையில் கை ஊன்றவில்லை!

அதனால்தான் சொல்கிறேன், நிமிர்ந்து நில் என்று அதட்டுகிறவர்கள் பேச்சைக் கேட்காதே. நெஞ்சைத் தள்ளிக்கொண்டு விறைப்பாக நிற்பதும் இறுக்கம்தான். தெரியாமல் செய்துகொண்டிருப்பதை நிறுத்தத்தான் அங்கே கற்றுத்தருகிறார்கள். நீ மோவாயால் வயலினை இறுக்கிப் பிடிப்பாயே, அதையும்தான்.

இந்த முறையை உருவாக்கிய பிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் 1869-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் நாடக வசனங்களைச் சொல்வது அவர் தொழில். மேடையேறினால் குரல் கட்டிக்கொள்ளும். மருத்துவம் கைகொடுக்கவில்லை. கண்ணாடி முன் நின்று பொறுமையாகத் தன்னையே கவனித்தார். வசனத்தைத் தொடங்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்துக் குரல்வளையை அழுத்துவது தெரிந்தது. தன் குரல் அவ்வளவுதான் என்று அவர் முடிவுகட்டிவிடவில்லை, கண்ணு. அந்தச் சின்ன வயதில் அவ்வளவு பெரிய அரங்கத்தை அசையாமல் உட்கார வைத்தவள் நீ.

2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களில் இந்த முறையில் 24 பாடங்கள் கற்றவர்களுக்கு, ஓராண்டுக்குப் பிறகும் வலியோடு கழியும் நாட்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அது முதுகுக்கு. உன் தோளை முதலில் மருத்துவரிடம் காட்டு.

அதுவரை தினமும் கால் மணி நேரம் தரையில் மல்லாந்து படு. தலைக்கடியில் இரண்டு மூன்று புத்தகங்கள், முழங்கால்கள் மடங்கி மேல்நோக்கி, பாதங்கள் தரையில். கைபேசி வேண்டாம். தூங்கிவிடாதே. கழுத்தை விட்டுவிடு, அவ்வளவுதான். சித்தப்பாவைப் போல வலி முற்றும்வரை வாய் திறக்காமல் இருக்காதே.

பிறகு நீயும் இந்த வகுப்பில் சேர். ஆசிரியர் யாராக இருந்தாலும் இந்த முறையில் மூன்றாண்டுப் பயிற்சி முடித்தவரா என்று கேட்டுக்கொள். கட்டணத்தை நான் அனுப்புகிறேன், மறுக்காதே. முதல் வகுப்புக்கு வயலினையும் எடுத்துப் போ. எடுக்க மனமில்லை என்றால் வெறுங்கையோடாவது போ. தோளைப் பற்றி எழுது.

அன்புடன்,
அம்மா