நங்கூரம் நகராத இரவுகளுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

கரையை ஒட்டி, பாய்மரப் படகில் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் மட்டும் பாய் விரித்து, தீவுக்குத் தீவு தங்கிப் போன பயணம் நல்லபடியாக முடிந்தது. படகில் இருந்தது நாங்கள் இருவர். நடுநடுவே நண்பர்கள் வந்து போனார்கள். எல்லோருக்கும் பொத்தாம்பொதுவாக ஒரு கும்பிடு போட்டு முடிப்பது நியாயமில்லை. யார் எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்லியே நன்றி சொல்கிறோம். அடுத்துக் கிளம்புகிறவர்களுக்கும் அது உதவும்.

பாய்மரத்தையும் அதைத் தாங்கும் கம்பிகளையும் பார்த்துக் கொடுத்தவருக்கு முதல் நன்றி. கம்பி கெட்டியாக இருக்கும். அதைப் பிடித்திருக்கும் விரலளவு உலோக முளை (பின்) கழன்றால் மரமே சாயும். அந்த முளை கழலாமல் தடுக்கும் ஒவ்வொரு ஸ்பிளிட் பின்னின் (இரண்டு கால் ஊசி) காலையும் விரித்து, பாய் கிழியாதபடி மேலே டேப் சுற்றினார். கம்பியைப் பஞ்சுத் துணியால் வழித்துப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. குறிப்பாக, கம்பி உலோகக் குழாய்க்குள் நுழையும் வாயில் பார்க்க வேண்டும். வெறுங்கையால் வழித்தால் அந்த இழை உள்ளங்கையைக் கிழிக்கும்.

என்ஜின் மெக்கானிக் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தைக் கையில் வைத்துப் பாடம் எடுத்தார். கடல்நீரை இழுத்து என்ஜினைக் குளிர்விக்கும் பம்பின் இம்பெல்லர் அது. இதழை மெல்ல மடக்கினால் அடிப்பக்கத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல் தெரியும். தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். என்ஜினை முடுக்கியதும் புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உடனே நிறுத்திவிட்டு, கடல்நீர் வால்வு மூடியிருக்கிறதா, வடிகட்டியில் பாசி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பம்பைத் திறக்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே ரப்பர் பொசுங்கி இதழ்கள் பிய்ந்துவிடும். பிய்ந்த இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது குளிர்விப்பானுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடி எடுக்காமல் புதியதை மாட்டினால் மறுபடியும் சூடேறும். மாட்டும்போது கிரீஸ் கூடாது, சோப்புத் தண்ணீர் போதும். உதிரியோடு கேஸ்கட்டும் (பம்பு மூடியில் கசிவைத் தடுக்கும் தாள்) வைத்திருங்கள். பழையது கழற்றும்போதே கிழியும். டீசல் வடிகட்டிக்கும் இதே மரியாதை கொடுக்க வேண்டும். தொட்டியின் அடியில் தூங்கும் கசடு, படகு ஆட்டம் போடும் நாளில்தான் கலங்கி மேலே வரும். என்ஜின் நமக்குத் தேவைப்படும் நாளும் அதுதான்.

நங்கூரம் போடக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அவருடைய கணக்கு இது. ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது. சங்கிலி இறங்கும் உருளை நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருக்கிறது. கடல் ஏற்றத்தில் நீர் உயர இன்னும் 2 மீட்டர் பாக்கி. ஆகவே கணக்குக்கு எடுக்க வேண்டியது 4 அல்ல, 7. சங்கிலியானால் விட வேண்டியது ஐந்து மடங்கு, 35 மீட்டர். பெரும்பகுதி கயிறானால் ஏழு மடங்கு, 49 மீட்டர். நான்கை ஐந்தால் பெருக்கி 20 மீட்டர் விட்டவர், நள்ளிரவில் ஏற்றம் நிறையும்போது மூன்று மடங்குகூட இல்லாமல் நிற்பார். இழுப்பு தரையோடு கிடையாக இருக்கும்வரைதான் நங்கூரம் மண்ணைக் கவ்வும். தண்டு நிமிர்ந்துவிட்டால் அது நாமே இழுத்து எடுப்பதற்குச் சமம்.

சங்கிலியை ஒரே குவியலாகக் கொட்டக் கூடாது, நங்கூரத்தின்மேலேயே சிக்கிக்கொள்ளும். படகு பின்னால் நகர நகர விட வேண்டும். முழு நீளமும் போன பிறகு என்ஜினை மெதுவாகப் பின்னோக்கிக் கொடுத்து, பிடித்தது தெரிந்ததும் வேகத்தை ஏற்றி அரை நிமிடம் இழுக்க வேண்டும். அப்போது கரையில் ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு பாறையும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். கோடு கலைந்தால் நங்கூரம் நகர்கிறது. சங்கிலியில் கை வைத்தால் கடகடவென்று அதிரும். கடைசியாக, 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு 8 மீட்டர் எடுத்து, சங்கிலியில் ஒரு முனையையும் படகில் மறு முனையையும் கட்டி, இழுப்பை அதன்மேல் விட வேண்டும். நைலான் நீளும், உலுக்கலை வாங்கிக்கொள்ளும். கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயைப் பிளந்து மாட்டினால் காலை வரை அறுபடாது. நங்கூரமிட்டிருப்பதற்கு அடையாளமாகப் பகலில் கறுப்புப் பந்து, இரவில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு. இவற்றை யாரும் நினைவூட்டும்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

தீவின் மறைவில் காற்று இல்லையென்றால் அலையும் இருக்காது என்ற எங்கள் நினைப்பைத் திருத்திய மீனவர்களுக்கு நன்றி. அலை தீவைச் சுற்றி வளைந்து இரண்டு பக்கமும் வரும். அந்த ஆட்டத்தில் தூக்கம் பிடிக்காது. பவளப்பாறை உள்ள இடத்தில் வெயில் தலைக்கு மேலேயோ முதுகுப் பக்கமோ இருக்கும்போது மட்டுமே நுழையச் சொன்னார்கள். அப்போதுதான் மணல் வெளிறியும் பாறை பழுப்பாகவும் பிரிந்து தெரியும். நங்கூரம் மணலில் மட்டும்.

வானிலையை எங்களோடு உட்கார்ந்து படித்தவர் சொன்ன இரண்டு எண்களை மறக்க மாட்டோம். 12 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) காற்று 17 ஆனால் பாயின்மேல் விழும் பாரம் இரட்டிப்பு. 16 நாட் காற்று வீசும் திசையிலேயே 6 நாட் வேகத்தில் ஓடினால் நம்மேல் படுவது 10தான். இதமாக இருக்கிறதே என்று பாயைச் சுருக்காமல் விட்டு, திரும்ப வேண்டிய நேரத்தில் எதிர்க்காற்றாக 20க்கு மேல் வாங்குவார்கள். ஆகவே காற்றோடு போகும்போதுதான் பாயைச் சீக்கிரம் சுருக்க வேண்டும்.

வந்து தங்கிய நண்பர்களே, உங்களுக்கு நன்றி, குறிப்பாக உங்கள் பொறுமைக்கு. "எந்த நாள் என்று சொன்னால் இடம் சொல்ல மாட்டோம், இடம் சொன்னால் நாள் சொல்ல மாட்டோம்" என்ற எங்கள் நிபந்தனையைக் கோபிக்காமல் ஏற்றுக்கொண்டீர்கள். விருந்தாளியை இன்ன நாளில் இன்ன துறையில் ஏற்றியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் தவறான வானிலையில் படகைக் கிளப்ப வைக்கிறது. பெட்டி வேண்டாம், மடக்கி வைக்கக்கூடிய துணிப்பை போதும் என்றோம், அப்படியே வந்தீர்கள். வாந்தி மாத்திரையைத் தலை சுற்றிய பிறகு போடாமல் கிளம்பும் முன்பே போட்டீர்கள். கழிவறையில் தாள் போடாதிருந்ததற்குத் தனி நன்றி, விளக்கம் வேண்டாம். இருவருக்கு நாளுக்கு 20 லிட்டர் நன்னீர் என்றால் நால்வருக்கு 40. 200 லிட்டர் தொட்டி பத்து நாளிலிருந்து ஐந்தாகக் குறையும். பாத்திரத்தை முதலில் கடல்நீரில் கழுவி, நன்னீரில் ஒரு அலசு மட்டும் என்று பழகிக்கொண்டீர்கள். டிங்கியில் (கரைக்குப் போய்வரும் சிறு படகு) விளிம்பில் குதிக்காமல் நடுவில் கால் வைத்து, ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர் இறங்கினீர்கள். பாயின் அடிக்கட்டை வீசும் வட்டத்துக்குள் யாரும் தலையை நீட்டவில்லை.

கரையில் எங்கள் பயணத்தாளை வைத்திருந்தவருக்கு: படகின் நிறம், ஆட்களின் எண்ணிக்கை, அடுத்த துறை, எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் கடலோரக் காவலுக்குச் சொல்ல வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. அந்த நேரத்துக்கு முன் பதறாமலும், அதற்குப் பின் தயங்காமலும் இருக்கும் ஒருவர் கிடைப்பது அரிது. நண்பர் ஏறினாலும் இறங்கினாலும் ஆள் எண்ணிக்கையைத் திருத்தினீர்கள். தேடுபவர்களுக்கு முதலில் வேண்டியது அந்த எண்.

இரவல் தந்தவருக்கு: உங்கள் உதிரி நங்கூரத்தையும் 30 மீட்டர் கயிற்றையும் நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைத்திருக்கிறோம். ஒரு முனையில் உரசல் இருந்த ஒரு மீட்டரை வெட்டிவிட்டுப் புதுக் கண்ணி பின்னியிருக்கிறோம். இப்போது அது 29 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. கணக்குப் போடும்போது நினைவில் வையுங்கள்.

அன்புடன்,
படகின் இருவர்