ஐந்து நிமிடத்தில் எழுதிய சதவீதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆந்திராவில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6000 ரூபாய் பென்ஷன் வருகிறதே, தமிழ்நாட்டில் ஏன் இல்லை என்று உங்கள் கடிதப் பகுதியில் வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். அந்த 6000 ரூபாய் வரும் வீட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். சித்தூர் மாவட்டம், நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 1960-ல் எல்லையை மாற்றியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே இருந்துவிட்டோம். வீட்டில் பேசுவது தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை விசைத்தறிச் சத்தம்.

என் தம்பிக்கு 54 வயது. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து இடது கால் விழுந்துவிட்டது. போலியோ சொட்டு மருந்தை நாடு முழுக்க ஒரே நாளில் கொடுக்கும் முகாம்கள் 1995-ல்தான் வந்தன. அவனுக்கு அது இருபத்து மூன்று வருடம் பிந்திவிட்டது. தறிக் கொட்டகையில் தார் சுற்றுகிறான், அதாவது நாடாவுக்குள் போகும் குச்சியில் நூல் சுற்றுகிறான். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் கிடைத்தது. எட்டுப் பேர் வேலை செய்யும் கொட்டகை அது. பத்துப் பேருக்குக் கீழே இருந்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு கட்டாயமில்லை, அவனுக்கு அது இல்லை. இஎஸ்ஐ இருந்தால் நோயில் படுத்த நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், 91 நாள் வரை கிடைக்கும். தம்பி மஞ்சள் காமாலையில் நாற்பது நாள் படுத்தபோது அவனுக்குக் கிடைத்தது முதலாளி கொடுத்த முன்பணம்தான். அதை அடைக்க ஒரு வருடம் ஆயிற்று.

அதனால்தான் 2024 ஜூலை 1-ம் தேதி காலையில் சச்சிவாலய (ஊர் அரசு அலுவலக) ஊழியர் வாசலில் வந்து நின்று, 3000 ஆக இருந்த பென்ஷனை 6000 ஆகக் கையில் கொடுத்தபோது நான் அழுதுவிட்டேன். அந்த மாதமே அவன் ஊன்றுகோலின் தேய்ந்த ரப்பரை மாற்றினோம். தீபாவளிக்குள் மளிகைக் கடை பாக்கி தீர்ந்தது. என் வீட்டுக்காரரிடம் பீடிக்குக்கூடக் கைநீட்ட வேண்டியிருந்தவன், என் மகளின் பிறந்தநாளுக்கு அவன் காசில் ஒரு சுடிதார் எடுத்துக் கொடுத்தான்.

அப்புறம்தான் மறுபரிசோதனை வந்தது.

பொய்ச் சான்றிதழ் வைத்துப் பணம் வாங்குபவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும், அவர்கள் எடுப்பது எங்களைப் போன்றவர்களின் பங்கு. 2025-ல் மாற்றுத்திறனாளி பென்ஷன் வாங்கும் எல்லோரையும் மறுபடி சோதிக்கிறார்கள் என்றதும் தம்பியே முதலில் கிளம்பினான். காலை ஆறு மணி பஸ்சில் போய், ஒரு அரசு மருத்துவமனையில் பதினோரு மணி வரை நின்றோம். உள்ளே ஐந்து நிமிடம்கூட இல்லை. கட்டிலில் படுக்க வைத்தார்கள், முழங்காலை மடக்கச் சொன்னார்கள், டேப்பால் அளந்தார்கள், எழுதிக்கொண்டார்கள். எழுந்து ஒரு அடி நடந்து காட்டச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் நோட்டீசு வந்தது. முழுக்கத் தெலுங்கு. தம்பி படித்தது தமிழ் மீடியத்தில் ஐந்தாம் வகுப்பு. தெலுங்கு நன்றாகப் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. பென்ஷன் சம்பந்தமான காகிதம், பத்திரமாக இருக்கட்டும் என்று கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள் வைத்துவிட்டான். ஆறு நாள் கழித்து என் மகள் கல்லூரி விடுதியிலிருந்து வந்து படித்துச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. பதினைந்து வருடமாகச் சதரம் சான்றிதழில், அதாவது ஆந்திர அரசின் ஊனச் சான்றிதழில், 62 சதவீதம் இருந்தது, இப்போது 37. அதுவும் தற்காலிக ஊனம். 40-க்குக் கீழே போனால் பென்ஷன் இல்லை, அடுத்த மாதத்திலிருந்து நிற்கும். ஆட்சேபம் இருந்தால் மனு கொடுக்கலாம்.

போலியோவில் விழுந்த கால் எப்படி 25 சதவீதம் தேறும்? ஐம்பது வயதுக்கு மேல் அந்தக் கால் இன்னும் சோர்ந்துபோகிறது. நல்ல காலாக இருந்த வலது காலும் இத்தனை வருடம் இரண்டு கால் பாரத்தைச் சுமந்து வலிக்கிறது. இதை டாக்டர்கள் அறியாமல் இல்லை. அன்றைக்கு வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று நானும் பார்த்தேன். ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்க முடியும் என்றால் ஐந்து நிமிடத்தில் தெரிகிற ஊனம் மட்டும்தான் காகிதத்தில் ஏறும்.

மகள் மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டியைத் தேடி எடுத்தாள். கால் ஊனத்தை அளக்கும்போது மூட்டு மடங்குகிறதா, தசைக்குப் பலம் இருக்கிறதா என்பது ஒரு பாதிதான். நிலைத்து நிற்கும் திறன் என்று இன்னொரு பாதி இருக்கிறது. சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, இரண்டு காலிலும் நிற்பது, பாதித்த காலில் மட்டும் நிற்பது, குந்துவது, சம்மணம் போடுவது, முழந்தாளிடுவது, திரும்புவது. ஒன்பது செயல்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். என் தம்பியால் குந்த முடியாது. கைப்பிடி இல்லாமல் படி ஏற முடியாது. இடது காலில் மட்டும் நின்றால் விழுந்துவிடுவான். இதில் ஒன்றைக்கூட அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

எம்.பி.டி.ஓ. (மண்டல வளர்ச்சி அதிகாரி) அலுவலகத்தில் மனு கொடுத்தோம். கீழ்நிலை ஊழியர்கள் தன்மையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். மனு கொடுத்தவர்களுக்கு முடிவு வரும்வரை பணம் நிற்காது என்று அரசும் பிறகு சொன்னது. ஆனால் அந்தச் செய்தி வருவதற்கு முன்னால் இருந்த நாட்களில் என் தம்பி ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். கேட்டால் பசியில்லை என்றான். மறுபடி கூலிக்கு முன்பணம் கேட்டு நிற்க வேண்டுமே என்ற பயம் அது. அந்த நாட்களுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

இரண்டாவது பரிசோதனை வேறொரு மருத்துவமனையில் நடந்தது. மகள் அந்த ஒன்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனாள். அங்கிருந்த டாக்டர் அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சரி வா, படி ஏறு என்று தம்பியை வெளியே கூட்டிப்போனார். இருபது நிமிடம் ஆயிற்று. 58 சதவீதம், நிரந்தரம் என்று எழுதினார். கால் அதே கால்தான்.

எங்களுக்குப் படித்த பெண் இருந்தாள். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கேள்வி. ஊனத்தின் அளவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே, 59-வது பிரிவில் இருக்கிறது. மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் யாரும் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு சொல்கிறது. ஆக, சித்தூரில் ஒரு தமிழர் தமிழிலேயே மனு கொடுக்கலாம். ஒரு வட்டாரத்தில் 15 சதவீதம் பேர் ஒரு மொழி பேசினால் முக்கியமான அறிவிப்புகளை அந்த மொழியிலும் தர வேண்டும் என்பது மொழிச் சிறுபான்மையினருக்கு மத்திய அரசும் மாநிலங்களும் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு. ஒருவர் சோற்றை நிறுத்தும் நோட்டீசைவிட முக்கியமான அறிவிப்பு எது? எல்லையோர மண்டலங்களில் பின்பக்கம் தமிழில் நாலு வரி அச்சடித்தால் போதும். எத்தனை நாளுக்குள், எந்த அலுவலகத்தில், என்ன கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான். சோதித்த டாக்டர் எதற்கு எத்தனை மதிப்பெண் போட்டார் என்ற தாளையும் கூடவே கொடுக்க வேண்டும். அது கையில் இருந்தால்தான் எதை எதிர்த்து மனு கொடுக்கிறோம் என்றே தெரியும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் பள்ளிப்பட்டில் இருக்கும் எங்கள் சித்தி மகளுக்கும் இதே போலியோ. 2023 ஜனவரியில்தான் அவளுக்கு 1000 என்பது 1500 ஆனது. மாற்றுத்திறனாளிக்கான உதவி மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. முதியோருக்கு 1200, இவளுக்கு 1500 என்றால் கணக்கு அந்தக் கோட்டைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. மத்திய அரசின் பங்கோ 2012-லிருந்து 300 ரூபாய்தான், அதுவும் 80 சதவீத ஊனம் இருந்தால். தொகையைக் கூட்டக் கேளுங்கள், நானும் உங்களோடு கேட்கிறேன். ஆனால் தொகை கூடினால் சோதனையும் கூடவே வரும். அது எப்படி நடக்க வேண்டும் என்பதையும் இப்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு விதவைத் தாய், அவருடைய மகனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவர்களுக்கும் அதே ஆகஸ்டில்தான் நோட்டீசு வந்திருக்கிறது. படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் மனு கொடுக்கும் நாள் தாண்டிவிட்டது, பணம் நின்றுவிட்டது. வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்க மகள் ஒரு மனு எழுதியிருக்கிறாள், மேலே தமிழ், கீழே தெலுங்கு. நானும் தம்பியும் அந்த அம்மாவோடு போகிறோம்.

ஒரு வாசகி,
நகரி வட்டாரம், சித்தூர் மாவட்டம்.