பொகையிலைக் காளான் காளானே இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம். போன வாரம் விவசாயப் பக்கத்துல பொகையிலைக் காளான் போட்டோவப் போட்டு கீழ பூஞ்சாண நோய்னு எழுதியிருந்தீங்க. சார், அது பூச்செடி. பேர்ல காளான் இருக்கறதால எல்லாரும் ஏமாந்துடறோம், நானே ஒரு வருசம் மருந்துக்கடையில சொன்னாங்கன்னு பூஞ்சாணக்கொல்லி வாங்கி ரெண்டு தடவ அடிச்சேன், காசுதான் போச்சு, அது பாட்டுக்கு வளந்துச்சு.

வேதாரண்யம் பக்கம் மணல் கொல்லையில பொகையிலை போடறவங்களுக்குத் தெரியும், நட்டு ஒன்றரை மாச வாக்குல தூருகிட்ட மண்ணப் பொளந்துகிட்டு வெளுத்த தண்டு வரும், இலைக்குப் பதிலா செதில்தான், பச்சைங்கறதே கிடையாது. ஆனா தண்டு மேல ஊதாவும் வெள்ளையுமா குழாய் குழாயா பூவு, அதுக்குள்ள மகரந்தம், அப்புறம் காய், விதை. காளான் எங்க சார் பூத்துச்சு? களைக்கொத்தால மெல்ல நோண்டிப் பாருங்க, அடியில கெழங்காட்டம் வீங்கி பொகையிலை வேரக் கவ்விகிட்டு இருக்கும். சத்து, தண்ணி ரெண்டையும் அங்கேர்ந்துதான் உறிஞ்சுது. அறிவியல் பேரு ஓரபாங்கி.

நெசமான காளானான நம்ம புத்துக்காளானுக்கும் பச்சை கிடையாதுதான், ஆனா அதுக்குப் பூவும் கிடையாது. இடி இடிச்சு மழை பேஞ்ச மறுநா விடியக்காலையில வாய்க்கா கரைப் புத்துல குடை விரிச்சு நிக்கும், நடுவுல கூரா ஒரு குமிழ். வெடுக்குனு புடுங்காம தோண்டுனா வால் மாதிரி நீளமா எறங்கி, கறையான் கட்டி வச்ச பஞ்சு மாதிரி கூட்டுல போய் முடியும். கறையான் கொண்டாந்து போடற காஞ்ச எலை, கட்டைய இது மக்க வைக்கும், மக்குனத கறையான் திங்கும், அதனாலதான் சிப்பிக்காளான் மாதிரி இத கொட்டகையில வளக்க முடியல. (எங்கம்மா மிளகு தூக்கலா போட்டு வைக்கற குழம்புக்கு நாங்க அண்ணன் தம்பி சண்டையே போட்டுருக்கோம்.)

கொல்லைக்காரங்களுக்கு விசயம் பொகையிலைக் காளானோட விதையிலதான் இருக்கு. தூசி மாதிரி விதை, ஒரு செடியிலயே லட்சக்கணக்குல கொட்டும், பல வருசம் மண்ணுல சாகாம கெடந்து பொகையிலை வேர் கசியற வாசனை கெடச்சாத்தான் முளைக்கும். பூ காயாகறதுக்குள்ள புடுங்கி எரிச்சுடணும், வரப்புல வீசுனா அங்கயே காய் முத்திடும். எள்ளு போட்டு மாத்துனாலும் கொறையும், அந்த விதை எள்ளு வேர நம்பி முளைச்சுட்டு ஒட்ட முடியாம செத்துடும்.

அடுத்த வாரம் அதே எடத்துல பூ தெளிவாத் தெரியற மாதிரி ஒரு போட்டோவோட திருத்தம் போடுங்க சார், நடவு நடந்துகிட்டு இருக்கு.

பொகையிலை விவசாயி, வேதாரண்யம் வட்டம்